இரவல் முடியும் நூறு சதவீதமும்

எங்கள் பள்ளியில் ஏப்ரல் மாதத்துக்கு இரண்டே வேலைதான். ஒன்று வியர்ப்பது, இன்னொன்று டி.சி. கொடுப்பது. வியர்க்கிற வேலையை ஆசிரியர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம். டி.சி. வேலை மட்டும் எனக்கு.

கொடுப்பது என்றால் கையெழுத்துப் போட்டு நீட்டுவதில்லை, அதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். பெற்றோரை உட்காரவைத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்பதை அவர்களாகவே யோசித்து எடுத்த முடிவு போல அவர்களையே நம்பவைத்து அனுப்ப வேண்டும். அதுதான் என் இலாகா.

விஷயம் இதுதான். நான் கணக்கு நடத்துவது சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் எங்களுக்கு வருடா வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி. அதைப் பள்ளி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் வண்டிகேட் பஸ் நிறுத்தத்திலும் பேனராகக் கட்டி, ஊரில் ஒருவரும் தப்பித்துப் போகாமல் பார்த்துக்கொள்வோம். நூறு சதவீதம் எடுக்க இரண்டு வழி உண்டு. பாஸ் ஆகிறவர்களைக் கூட்டலாம், அல்லது எழுதுகிறவர்களைக் குறைக்கலாம். முதல் வழிக்கு ஒரு வருடம் தொண்டை கிழிய வேண்டும். இரண்டாவதற்கு ஏப்ரலில் சில நாட்கள் நயமாகப் பேசினால் போதும். ஒன்பதாம் வகுப்பில் தேறாத பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, இங்கேயே இருந்தால் ஃபெயில், வேறு பள்ளிக்குப் போவதானால் பாஸ் போட்டு டி.சி. தருகிறோம் என்று சொல்வோம். பெரும்பாலும் பாஸைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் கணக்கு வாத்தியார். இந்தக் கணக்கில் தப்பு இருக்கிறது என்று எனக்கும் தெரியும். விடை மட்டும் வருடா வருடம் சரியாக வந்துகொண்டிருந்தது.

இந்த வேலைக்கு என்னை ஏன் பிடித்தார்கள் என்பதற்கான காரணத்தைத் தாளாளரே சொன்னார். தாளாளரை நாங்கள் கரஸ் என்போம், அவர் எதிரில் மட்டும் ஐயா. "நீங்க பேசுனா யாருக்கும் கோவம் வராது சார்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கடலூர் வரை பஸ்ஸில் பல் தெரிய வந்தேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி குழம்பைக் கிண்டிக்கொண்டே, நீங்கள் பேசுவதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பதை அந்த மனுஷர் எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள் என்றாள். அவளுக்கு மொழிபெயர்ப்பு நன்றாக வரும்.

இப்போது என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

என் தலையில் முடி இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஓரங்களில். நடுவே விளையாட்டு மைதானம். ஒரு வருடம் தேர்வு முடிவு வந்தபோது, பேனரில் கரஸின் படத்தைச் சுற்றிப் பாட ஆசிரியர்கள் படத்தையும் போடுவது என்று முடிவானது. படத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் யோசித்தேன். தினமும் நான் இறங்குகிற வண்டிகேட்டில், ஆள் உயரத்துக்கு என் மண்டை, வெயிலில் பளபளத்துக்கொண்டு தொங்கும். மறுநாள் பள்ளி விட்டதும் யாருக்கும் தெரியாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிற, பள்ளிக்குப் பேனர் அடிக்கிற ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெலிந்த ஆள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். காது குத்தல் பேனரில் இருந்த தாய்மாமனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் நேராகக் கேட்கவில்லை. வெளிச்சம் சரியில்லாத நேரத்தில் எடுத்த படம் என்றேன். நெற்றி கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரிகிறது என்றேன். அவர் படத்தைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர், ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் திறந்திருந்த ஒரு கல்யாணப் பேனரில் இருந்து மாப்பிள்ளையின் முடியைச் சுற்றி வளைத்து எடுத்து என் தலையில் வைத்தார். காது ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துவிட்டார். நெற்றியில் ஒரு கொத்து மட்டும் சரிந்து விழுகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் ஆசை போல. அதை எடுக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

அந்த வருடம் முழுக்க ஊரில் நான் இளைஞன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடராஜர் கோயிலுக்கு வந்த என் மனைவி வண்டிகேட்டில் இறங்கி, பேனரை அண்ணாந்து பார்த்து, உங்கள் இடத்தில் புதிதாக யாரையோ சேர்த்திருக்கிறார்களே, உங்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள்.

அந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். அங்கேதான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்களைச் சொல்லி அவளை அவமானப்படுத்த மாட்டேன், என்னையும்தான். ஆனால் அவளிடம் வேறு ஒரு திறமை இருந்தது. என் ஜோக்குக்குச் சிரிப்பாள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஜோக் சொல்கிற ஆளுக்குத்தான் தெரியும். இத்தனை வருடமாக நான் வகுப்பில் ஜோக் சொல்கிறேன். பிள்ளைகள் கரண்ட் போனால் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ அப்படி உட்கார்ந்திருப்பார்கள். இவள் ஒருத்தி மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். சில நாள் நான் ஜோக்கைத் தொடங்குவதற்கு முன்பே சிரிப்பாள். என் நகைச்சுவை அவ்வளவு முன்கூட்டியே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்காகவே பஸ்ஸில் ஜோக் தயாரித்துக்கொண்டு வருவேன். புதுச்சத்திரம் வரைக்கும் யோசிப்பேன், வெள்ளாற்றுப் பாலத்துக்குள் முடித்துவிடுவேன். முக்கோணவியலைத் தயாரிக்கத்தான் நேரம் இருக்காது.

மார்ச் மாதம் சேர்க்கைப் பேனர் கட்டினார்கள். 'உங்கள் பிள்ளையின் எதிர்காலம் எங்கள் பொறுப்பு' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் யூனிஃபார்மில் ஒரு பெண், உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் வாய் விட்டுச் சிரிக்கிறாள். என் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணேதான். ஆண்டு விழாவில் நான்தான் மைக் பிடித்தேன், நிறைய ஜோக் சொன்னேன், அப்போது யாரோ எடுத்த படம் என்று முடிவு செய்துகொண்டேன். தினமும் வண்டிகேட்டில் இறங்கும்போது ஒரு பக்கம் பழைய பேனரில் நான், முடியோடு. எதிர்ப்பக்கம் அவள், சிரிப்போடு. ஒரு கலைஞனுக்கு வேறு என்ன வேண்டும்.

ஏப்ரலில் கரஸ் என்னைக் கூப்பிட்டு, கழிக்க வேண்டிய பெயர்களைச் சொன்னார். அதில் அவள் பெயரும் இருந்தது. கரஸுக்குப் பிள்ளைகளை மார்க் வரிசையில்தான் தெரியும், முகத்தால் தெரியாது. பேனரில் சிரிக்கிற பிள்ளையைத்தான் வெளியே அனுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதை அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் ஜோக்குக்கு மட்டும்தான் திறக்கும் ரகம். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சந்திப்பு நடந்தது உயிரியல் ஆய்வுக்கூடத்தில். காரணம், பள்ளியிலேயே சத்தம் போடாமல் சுற்றுகிற ஃபேன் அங்கேதான் இருக்கிறது. என் நாற்காலிக்குப் பின்னால் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று நிற்கும். அந்தக் கட்டடத்தில் என்னைவிட முடி குறைந்த ஒரே ஆள் அவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு தைரியம்.

காலையில் பஸ்ஸில் வசனத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். பிள்ளையைப் புகழ்ந்து தொடங்க வேண்டும். பிறகு கணக்கு எல்லோருக்கும் வருவதில்லை, எனக்கே தாமதமாகத்தான் வந்தது என்று ஒரு சிரிப்பு. கடைசியில், இந்த மாதிரிப் பிள்ளைக்கு வேறு ஒரு சூழல் கிடைத்தால் எங்கேயோ போய்விடும் என்று மென்மையாக இறக்க வேண்டும். நன்றாகவே வந்தது. என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா ஆலப்பாக்கத்திலேயே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

முதலில் அவளுடைய அம்மா உள்ளே வந்தார். எப்போதும் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அவர்தான் வருவார், தெற்கு வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை. பின்னாலேயே அந்தப் பெண். அதற்கும் பின்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொண்டு, தோளில் லேப்டாப் பையோடு அப்பா.

ஃபிளெக்ஸ் கடைக்காரர்.

பள்ளிப் பதிவில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் சுயதொழில் என்று இருந்தது. டீக்கடைக்காரரில் இருந்து நகைக்கடைக்காரர் வரை சிதம்பரத்தில் எல்லோரும் சுயதொழில்தான். நான் எங்கே கண்டேன். என் கை தானாகப் போய்த் தலையைத் தடவியது. அவர் அதைக் கவனித்தார். தொழில் தெரிந்தவர், இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

லேப்டாப் பை எதற்கு என்று கேட்டேன். ஏப்ரல் மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டால் பேனருக்குத்தான் கூப்பிடுவார்களாம். வருடா வருடம் அப்படித்தான். இந்த வருடமும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே 'தொடர்ந்து நூறு சதவீதம்' என்று டிசைன் செய்து தயாராகக் கொண்டுவந்திருந்தார். பேப்பர்கூட இன்னும் திருத்தி முடிக்கவில்லையே என்று என் வாயில் வந்துவிட்டது. "எங்க சார், எல்லா ஸ்கூலும் முன்னாடியே அடிச்சுடுவாங்க. அன்னிக்கே கட்டணும்ல" என்றார். பிறகு லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். கரஸைச் சுற்றி ஆசிரியர்கள். என் தலையில் அதே மாப்பிள்ளை முடி, நெற்றியில் அதே கொத்து. பழைய ஃபைலிலேயே இருந்ததாம், புதிதாக வேலை வைக்கவில்லையாம்.

எனக்கு வசனம் மறந்துபோனது. எலும்புக்கூட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் உதவவில்லை. எப்படியோ தொடங்கினேன். உங்கள் பிள்ளை தங்கம் என்றேன். கணக்கு எனக்கே தாமதமாகத்தான் வந்தது என்றேன், யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவள் அன்றைக்கு என் தலையைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூழல் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தபோது என் குரல் பாதியாகியிருந்தது.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"நான் புடவக்கடைல இருக்கேன் சார். ஒரு பொடவய கஸ்டமர் கையிலேர்ந்து வாங்கி உள்ள வைக்கணும்னா, நாங்களும் இப்பிடித்தான் சொல்லுவோம். ஒங்க கலருக்கு இது எடுக்காதும்மா, ஒங்களுக்கு வேற டிசைன்தான் நல்லா இருக்கும்னு. நேராவே சொல்லுங்க. டி.சி. வாங்கிக்கணுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டி.சி.யை வாங்கிக்கொண்டு எங்கே போவது என்று அவராகவே கணக்குப் போட்டார். பத்தாம் வகுப்புக்கு எந்தத் தனியார் பள்ளியிலும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், எல்லாப் பள்ளியிலும் இதே நூறு சதவீதம்தான், எல்லாப் பேனரையும் அடித்துக் கொடுப்பது தன் வீட்டுக்காரர்தான், அவருக்குத் தெரியாதா என்றார். அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். எங்களைப் போன்றவர்கள் கழித்துவிட்ட பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு, உங்களுக்கு ஏன் நூறு வரவில்லை என்று மேலிடத்தில் திட்டும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அங்கே தமிழ் வழி, இவள் சின்னதிலிருந்து படித்தது ஆங்கில வழி. ஆங்கில வழி இருக்கிற அரசுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"ஃபெயில் போடுங்க சார்" என்றார் திடீரென்று. "இங்கயே இன்னொரு வருஷம் ஒக்காரட்டும். அதுவே எங்களுக்குப் பரவால்ல."

இதுவரை எந்தப் பெற்றோரும் என்னிடம் ஃபெயிலைக் கேட்டு வாங்கியதில்லை. ஒரு பிள்ளை ஏன் தேறவில்லை என்று அவர் என்னைக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"வீட்டுக்கு வந்தா ஒங்க ஜோக்கெல்லாம் வரிசையா சொல்லுவா சார். ஒண்ணு விடாம. கணக்கு என்னா நடத்துனாருன்னு கேட்டா மட்டும் முழிக்கிறா."

ஃபேன் சத்தம் போடாமல் சுற்றியது. சத்தம் போடுகிற ஃபேனாக இருந்திருக்கலாம்.

என் மானத்தில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற நான் பேச்சை மாற்றினேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, என் ஜோக் என்றால் உனக்கு அவ்வளவு பிடிக்குமே, பேனரில்கூட அப்படிச் சிரிக்கிறாயே, ஆண்டு விழாவில் எந்த ஜோக்குக்குச் சிரித்த படம் அது என்று கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா லேப்டாப்பைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்ற அக்கறையோடு அவள் சொன்னாள்.

"அது வீட்ல எடுத்தது சார். எனக்குச் சிரிப்பே வரல. அப்பாதான் ஒங்க தலைய நெனச்சுக்கன்னு சொன்னாரு."

அப்பா அவசரமாக எதையோ விளக்கப் பார்த்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சென்ற ஜூனிலிருந்து அவள் எதைப் பார்த்து வாயைப் பொத்தினாள், ஏன் நான் ஜோக்கைத் தொடங்கும் முன்பே தோள் குலுங்கியது என்பதெல்லாம் வரிசையாக விளங்கியது. பேனரில் அடர்ந்த முடியோடு தொங்குகிற அதே ஆள், வகுப்பறையில் மைதானத்தோடு வந்து நிற்கும்போது, அது யாருடைய முடி என்பதுவரை தெரிந்த ஒரு பிள்ளை வேறு என்ன செய்யும். இத்தனை மாதமாக நான் தயாரித்த ஜோக் எல்லாம் வெள்ளாற்றோடு போகட்டும். அவளைச் சிரிக்கவைக்க நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். குனிந்திருந்தாலே போதும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லப்போனால் அந்த வருடம் என் வகுப்பில் நடந்த முதல் நல்ல ஜோக் அதுதான். நான் சிரித்ததும் அவளுக்கும் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குலுங்கிக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறிவிட்டது. அம்மா எழுந்து அவள் பக்கத்தில் போனார். அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னிடம்தான் கேட்டாள்.

"என் மூஞ்சி இங்க தொங்கும். நான் மட்டும் வேற யூனிஃபார்ம் போட்டுக்கினு அதுக்குக் கீழயே பஸ்சுக்கு நிக்கணுமா சார்?"



நான் எழுந்தேன். கரஸைப் பார்த்துவிடலாம் வாருங்கள் என்றேன். என் குரலில் எனக்கே பழக்கமில்லாத ஒரு கனம் இருந்தது. வராந்தாவில் நாலு எட்டு வைப்பதற்குள் அது கரைந்துவிட்டது. வேலை போனால் கடலூரில் டியூஷன் வைத்துப் பிழைக்கலாமா, வழுக்கைத் தலைக்கு டியூஷனில் மரியாதை ஜாஸ்தி கிடைக்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே கதவைத் தட்டினேன்.

கரஸ் எங்கள் நாலு பேரையும் ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வராமல் பேசி அனுப்பச் சொன்ன ஆள், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு உள்ளே வந்து நிற்கிறான். நான் பேச வாயைத் திறப்பதற்குள் ஃபிளெக்ஸ்காரர் ஆரம்பித்துவிட்டார். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. ஆர்டர் எடுக்கிறபோது கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"ஐயா, அட்மிஷன் பேனர்ல பாப்பா மூஞ்சிய எடுத்துட்டு வேற மூஞ்சி ஒட்டணும்ங்களா? ஊர் பூரா கட்டியாச்சு. எப்ப எடுக்கணும்னு சொன்னீங்கன்னா ஆள அனுப்பிடறேன்."

கரஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பாப்பா என்றார். ஃபிளெக்ஸ்காரர் லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தார். கரஸ் அதைப் பார்த்தார், கண் சிவந்து நிற்கிற பெண்ணைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். உங்கள் பிள்ளையின் எதிர்காலம் எங்கள் பொறுப்பு. அவர் ஃபிளெக்ஸ்காரரிடம் சிரித்த முகமாக ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அனுப்பியது பிடித்திருந்தது, சரி என்றிருக்கிறார். யார் என்று கேட்கத் தோன்றவில்லை. வகுப்பாசிரியர் உங்களுக்குக்கூடவா தெரியாது என்று என்னைக் கேட்டார்.

தெரியும்ங்கய்யா என்றேன். எப்போதிலிருந்து என்றார். கட்டின அன்றையிலிருந்து என்றேன். பிறகு, யாரும் கேட்காமலேயே, இவளுக்குக் கணக்கு வராததற்குப் பாதிக் காரணம் நான்தான், பத்தாவதிலும் நான்தானே நடத்துகிறேன், இவளை என்னிடம் விடுங்கள் என்று சொன்னேன். இதை யார் சொல்கிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. எலும்புக்கூடு ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது.

கரஸ் மோசமான ஆள் இல்லை. பேனர் கட்டுகிற ஆள், அவ்வளவுதான். படத்தில் இருக்கிற பெண்ணை விரட்டிவிட்டார்கள் என்று ஊரில் ஒருவர் பேசினாலும் அந்த வருடச் சேர்க்கை என்னாகும் என்று அவருக்குத் தெரியும். நீண்ட நேரம் நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தார். கடைசியில், பத்தாவதில் உட்காரட்டும், காலாண்டுத் தேர்வு வரைக்கும் பார்ப்போம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நூறு போச்சுன்னா பேனர்ல நீங்க இருக்க மாட்டீங்க சார்" என்றார். ஃபிளெக்ஸ்காரர் சட்டென்று இருமினார். அது இருமல் இல்லை.

அடுத்த வருடம் எப்படிப் போனது என்று கேட்டால், மிகவும் போர் அடித்தது. நான் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டேன். முதல் வாரம் யாருமே அதைக் கவனிக்கவில்லை, அது கொஞ்சம் வலித்தது. மாலையில் பள்ளி விட்ட பிறகு அவளும் இன்னும் சில பிள்ளைகளும் இருந்து கணக்குப் போடுவார்கள். வராத கணக்கை அவள் எங்கே விடுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வேலையை ஒன்பதாவதிலேயே செய்திருக்கலாம். ஒரு வரி எழுதுவாள், அடுத்த வரிக்குப் போக பயந்துகொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அந்த இடத்தில்தான் நான் போன வருடமெல்லாம் ஜோக் சொல்லிக் கவனத்தைக் கலைத்திருக்கிறேன். இப்போது சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சில நாள் எட்டரை மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன். என் மனைவி, சிதம்பரத்தில் சின்ன வீடு ஏதாவது வைத்திருந்தால் சொல்லிவிடுங்கள், இந்த மண்டைக்கு யார் சம்மதித்தாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்பாள்.

காலாண்டில் அவள் தேறவில்லை. கரஸ் கூப்பிட்டார். அரையாண்டு வரைக்கும் என்று நானே தவணையை நீட்டிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன். அரையாண்டில் ஒட்டிக்கொண்டு தேறினாள். அன்று மாலை நோட்டை மூடிக்கொண்டு, "சார், ஒரே ஒரு ஜோக் சொல்லுங்களேன், ரொம்ப நாளாச்சு" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் சார் ஒங்க ஒரிஜினல் ஜோக்கா?" என்று கேட்டாள். போன வருடமெல்லாம் அவள் கேட்கவே இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள் என்பது அப்போது ஊர்ஜிதமானது.

மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பாஸ். அவளுடைய அம்மா புடவைக்கடையிலிருந்தே போன் செய்து, பின்னால் யாரோ ஒரு கஸ்டமரிடம் இருங்கம்மா என்று சொல்லிவிட்டு, சார் என்று ஆரம்பித்து, கஸ்டமர் மறுபடி கூப்பிட்டதும் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேனர் கட்டினார்கள். வண்டிகேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தொடர்ந்து நூறு சதவீதம். கரஸைச் சுற்றி ஆசிரியர்கள். என் இடத்தில் நானே இருந்தேன். ஓரத்தில் முடி, நடுவே மைதானம், காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்து, எதிரில் வருகிற வண்டிக்காரர்கள் கண்ணைச் சுருக்குகிற அளவுக்கு. இதைப் பார்க்கவே கூடாது என்றுதான் நான் அன்றைக்கு அந்தச் சந்துக்குள் போனேன்.

நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிதானமாக, "நான் முடியோடதான் சார் வச்சிருந்தேன். பாப்பாதான் எடுத்துடுன்னு சொல்லிச்சு. அப்பதான் அது சார்னு தெரியும்னுச்சு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கோயிலுக்கு வந்தாள். வண்டிகேட்டில் இறங்கினதும் பேனரைப் பார்த்தாள். நான் பக்கத்து இளநீர்க் கடையைப் பார்த்தபடி நின்றேன்.

"பரவால்லயே, ஒங்களத் திரும்ப வேலைக்கு எடுத்துட்டாங்க போல" என்றாள்.